பெயர் பெற்ற ஆட்டங்கள்

பெயருக்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர் அதனை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இருவகைப்படுத்தினர். மரம் என்பது இடுகுறி. பறப்பதனாற் பறவை என்பது காரணம். இலக்கண வகுப்பிலே கேட்ட இப்பாகுபாட்டுக்கும் மைதானத்திலே பிள்ளைகள் ஆடும் பந்தாட்டத்துக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைக் காட்டவே இப்பேச்சு.

நம் நாட்டுக் கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் எத்தனையோ ஆட்டங்கள் நடைபெறுகின்றன. துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், றகர் என அவை பலவகை. அவற்றுட் பெரும்பாலானவற்றை ஆடியவர்களே மறுவாரம் மறந்துவிடுவர். ஆனால் ஒரு சில ஆட்டங்களுக்கு மட்டும் தனிப்பெயர் உண்டு. 'நீலவர்ணங்களின் சமர்' என்றாற் கொழும்பிலே முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் விளங்கும். 'வடக்கின் பெருஞ்சமர்' என்றால் யாழ்ப்பாணத்திலே கல்லூரி வாசலை மிதியாத கிழவிக்கும் விளங்கும். ஆடும் கல்லூரிகள் எவை என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை. இத்தகைய ஆட்டங்களைப் பேச்சுவழக்கிலே 'பிக் மெட்ச்' என்று ஆங்கிலத்தாற் சொல்லுகின்றோம். பெயர் பெற்ற ஆட்டத்துக்கும் பெயரில்லாத ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, ஊர்ப் பெரியவருக்கும் வழிப்போக்கருக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

இவற்றுள் மூத்தது கொழும்பு றோயல் கல்லூரியும் புனித தோமஸ் கல்லூரியும் ஆடும் துடுப்பாட்டம். 1879 ஆம் ஆண்டிலே முதன்முதலாக இவ்விரு பள்ளிகளும் சந்தித்தபோது ஆசிரியரும் மாணவருடன் சேர்ந்து ஆடினர். றோயல் கல்லூரிக்கு அப்போது கொழும்பு அக்கடமி என்றே பெயர். றோயல் என்ற பெயர் 1881 இலேதான் வந்தது. ஆசிரியர் நீங்கி மாணவர் மட்டுமே ஆடிய 1880 ஆம் ஆண்டு ஆட்டத்தையே தொடரின் முதலாவதாகக் கொள்வர். களம் காலிமுகத்திடல். அக்காலத்திலே பெயிரா வாவியைப் படகிற் கடந்தே பிள்ளைகள் ஆடுகளம் சேர்ந்தனர் என்று சொல்லுவர். இரு உலகப் போர்களின்போதும் இத்தொடர் நிற்கவில்லை. உலகிலே இடையறாது நடந்துவரும் கல்லூரித் துடுப்பாட்டத் தொடர்களுள், அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரிலே 1878 இல் தொடங்கிய ஒன்றுதான் இதற்கு மூத்தது.

பழமை மட்டும் ஓர் ஆட்டத்துக்குப் பெயர் தேடித் தராது. தீராத வழக்கு ஒன்றும் வேண்டும். 1885 ஆம் ஆண்டிலே றோயல் அணி ஒன்பதே ஒன்பது ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் நாளிலே பிணக்கு எழுந்தது. வெற்றி எமதே என்று தோமஸ் கல்லூரியார் கணக்கெழுதினர். முடிவு காணாத ஆட்டம் என்று றோயல் கல்லூரியார் கணக்கெழுதினர். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் இரு கணக்கும் இரு கணக்காகவே இருக்கின்றன. இன்றைக்கும் நரைத்த தலையினர் இருவர் சந்தித்தால் அந்த ஒன்பது ஓட்டங்கள் மீண்டும் உயிர்பெறும். வழக்கைத் தீர்த்துவைக்க ஒரு நீதிபதியை நியமித்தால் இரு கல்லூரிப் பழைய மாணவரும் ஒன்றுசேர்ந்து அவரைத் துரத்துவர் என்றே நினைக்கின்றேன்.

இனிப் பெயருக்கு வருவோம். றோயல் கல்லூரியின் நிறம் நீலமும் பொன்னும். தோமஸ் கல்லூரியின் நிறம் நீலமும் கருமையும். இரண்டுக்கும் நீலம் பொதுவாதலின் ஆட்டம் நீலவர்ணங்களின் சமர் ஆயிற்று. இதனைப் பின்பற்றியே ஆனந்தாவும் நாலந்தாவும் ஆடும் ஆட்டத்துக்குச் செங்கபிலத்தாற் பெயர் வந்தது. யாழ்ப்பாணத்திலே புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917 ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் ஆட்டம் 'பொன் அணிகளின் போர்' எனப்படுகின்றது. நிறத்தாற் சண்டைக்குப் பெயரிடுவது ஆங்கிலேயர் கற்றுத்தந்த வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. நம் பழந்தமிழர் பூவினாற் பெயரிட்டனர். ஆநிரை கவரப் போவோர் வெட்சி சூடினர். மீட்கப் போவோர் கரந்தை சூடினர். மதிலை முற்றுவோர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. இரு படையும் நேருக்கு நேர் நின்று பொருதும்போது இருவரும் சூடியது தும்பை. இரு பக்கமும் நீலமென்றால் நீலவர்ணங்களின் சமர். இரு பக்கமும் தும்பையென்றால் தும்பைப் போர். வென்றவர் வாகை சூடினர். வாகை மரத்தைக் கண்டறியாத பத்திரிகை நிருபரும் இன்றுவரை 'கிண்ணத்தை வென்று வாகை சூடியது' என்றுதான் எழுதுகின்றார். ஆகவே இப்பெயர்கள் ஆங்கிலத்தில் வந்தனவேயாயினும் அவை வந்து இறங்கிய வீடு நமக்குப் பழகிய வீடுதான்.

திசையாற் பெற்ற பெயர் வடக்கின் பெருஞ்சமர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவருவது அது. ஒன்று வெஸ்லியன் மிசனாரிமார் வளர்த்தது. மற்றையது இங்கிலாந்துத் திருச்சபை மிசனாரிமார் வளர்த்தது. இரு கல்லூரி மதில்களுக்குமிடையே அதிக தூரமில்லை. ஆட்ட நாளிலே பப்பரே வாத்தியம் முழங்க, கொடி கட்டிய வாகனங்கள் ஊரைச் சுற்றி வர, பரீட்சைக்குக்கூட வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பாதவர் ஆட்டத்துக்குத் திரும்பி வருவர். தென்னிலங்கையிலே மாணவர் தொப்பியை நீட்டித் தெருவிலே காசு சேர்ப்பதும், பெண்கள் பாடசாலை மதில் ஏறிக் குதித்துத் தண்டனை பெறுவதும் இவ்வாட்டங்களின் சடங்குகளாகவே ஆகிவிட்டன. இவற்றுட் பின்னையதைப் பாராட்டுவதற்கில்லை.

'பெருஞ்சமர்' என்னும் சொல்லை ஈண்டுச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்திலே இவ்வாட்டம் சில ஆண்டுகள் நடைபெறாமற் போயிற்று. மைதானத்திலே பெருஞ்சமர் நிகழாத அந்நாளில் வேறிடங்களிலே பெருஞ்சமர் நிகழ்ந்தது. 1991 இலும் 2000 இலும் ஆனையிறவிலே நடந்தவற்றைச் சொல்லவும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இதே 'சமர்'தான் கைகொடுத்தது. ஒரு சொல் ஒரு பக்கத்திலே இறந்தோரை எண்ணியது. சில ஆண்டு கழித்து அதே சொல் இன்னொரு பக்கத்திலே ஓட்டங்களை எண்ணியது. யாழ்ப்பாணத்தார் தம் ஆட்டத்தின் பெயரை மாற்றவில்லை. பழைய பெயரை மீட்டெடுத்துக் கொள்வதே அமைதி திரும்பியதன் அடையாளம் என்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். அதனைக் குறைசொல்ல நான் துணியேன். எனினும் புதிதாகப் பெயர் இடப்போகும் ஊரார் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

சில பெயர்கள் உறவை மறைத்து வைத்திருக்கின்றன. கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியும் புனித பேதுருவார் கல்லூரியும் 1933 முதல் ஆடுவதைப் 'புனிதர்களின் சமர்' என்பர். புனிதர் இருவர் சமர் செய்வர் என்பது வேடிக்கையான கற்பனை. உண்மையிலே பேதுருவார் கல்லூரி 1922 இலே சூசையப்பர் கல்லூரியின் இட நெருக்கடி தீர்க்கத் திறக்கப்பட்ட கிளை. நாலந்தாவும் அவ்வாறே ஆனந்தாவின் மடியிற் பிறந்தது. எனவே கொழும்பின் பெருஞ்சமர்கள் சில, தாய்க்கும் பிள்ளைக்கும் அல்லது தமையனுக்கும் தம்பிக்கும் நடப்பவை. முற்றிலும் அந்நியரோடு எவரும் நூறு ஆண்டு போட்டியிடுவதில்லை. அந்நியரை நாம் பொருட்படுத்துவதே இல்லை. ஒரே பந்தியில் இருந்து உண்டவன் நம்மை வென்றுவிட்டால்தான் உறக்கம் கெடுகின்றது.

இவ்வுண்மையை நாணாமல் வாய்விட்டுச் சொல்லும் பெயர் ஒன்று இந்நாட்டிலே உண்டு. காலி நகரிலே ரிச்மண்ட் கல்லூரியும் மகிந்த கல்லூரியும் 1905 முதல் ஆடிவரும் ஆட்டத்தை 'காதலர் பிணக்கு' என்கின்றனர். இதன் வரலாறு சற்று விரித்துச் சொல்லத் தக்கது. ரிச்மண்ட் மெதடிஸ்த கிறிஸ்தவக் கல்லூரி. மகிந்த பௌத்தக் கல்லூரி. மதமாற்றம் பற்றியும் பள்ளிக்கூடங்கள் பற்றியும் பௌத்தருக்கும் மிசனாரிமாருக்கும் கடும் வாதங்கள் நிகழ்ந்த காலம் அது. அந்நாளிலே ரிச்மண்டின் அதிபர் வண. ஜேம்ஸ் ஹோர்ன் டாரல். மகிந்தவின் அதிபர் வுட்வர்ட். இருவரும் ஆங்கிலேயர். ஒருவர் பாதிரியார், மற்றவரோ பௌத்தம் தழுவிய பிரம்மஞான சபையினர், பின்னாளிலே பாளி நூல்கள் பலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்துப் புகழ் பெற்றவர். மேடைகளிலே எதிரெதிராக நிற்கவேண்டிய இவ்விருவரும் நெருங்கிய நண்பராயினர். காலிக் கோட்டை மதிலின் நிழலிலே முதலாவது ஆட்டம் நடந்தபோது அருகருகே அமர்ந்து ஓட்டக் கணக்கை எழுதியவர்கள் இவ்விரு அதிபர்களுமே என்று சொல்லுவர்.

நட்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1906 இலே ரிச்மண்ட் மாணவரிடையே நெருப்புக் காய்ச்சல் பரவிற்று. நோயுற்ற பிள்ளைகளுக்குத் தாமே பணிவிடை செய்த டாரல் அந்நோய் தொற்றி அவ்வாண்டிலேயே மறைந்தார். வுட்வர்ட் 1919 வரை மகிந்தவிலே பணியாற்றினார். ஆட்டம் நின்றுவிடவில்லை, பெயரும் நின்றுவிடவில்லை. அவர்கள் ஆடிய அத்திடலே பிற்காலத்திற் காலிச் சர்வதேச விளையாட்டரங்கு ஆயிற்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கல்முனையையும் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் அழித்த அதே காலையிலேதான் அவ்வரங்கையும் மூழ்கடித்தது. 2007 இலேதான் அங்கு மீண்டும் சர்வதேச ஆட்டம் நடந்தது.

காதலர் பிணக்கு என்பதைத் தமிழில் ஒரு சொல்லாற் சொல்லலாம். ஊடல். நம் இலக்கியத்திலே போருக்கு வெட்சி முதலிய புறத்திணைகள் இருப்பதுபோல ஊடலுக்கு மருதத் திணை உண்டு. நீலவர்ணங்களின் சமரும் வடக்கின் பெருஞ்சமரும் புறத்தைச் சேர்ந்த பெயர்கள். காலியிலே பிறந்த பெயர் மட்டும் அகத்தைச் சேர்ந்தது. திருவள்ளுவர் தம் நூலை முடித்த அதிகாரத்துக்கே ஊடலுவகை என்று பெயர். ஊடுவோர் கூடுவோர் என்பது அதன் கருத்து. எதிரியைக் குறிக்கும் சொற்களாலேயே நிரம்பிய விளையாட்டு உலகிலே இப்படி ஒரு பெயர் பிழைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கின்றது.

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் துடுப்பாட்டம். உதைபந்தாட்டப் பிரியரான நம் கரையோர நேயர்கள் பொறுமை இழந்திருப்பர். பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை மாலை வேளையிலே கடற்கரை மணலிலும் பள்ளித் திடலிலும் எழும் ஆரவாரம் பெரும்பாலும் உதைபந்துக்கே உரியது. மட்டை, தடுப்பு, கையுறை என்று செலவு கேட்கும் ஆட்டம் அன்று அது. பந்து ஒன்று, செருப்பு நான்கு, செருப்புகள் கம்பமாகிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். உலகின் பெரும் பிணக்குகள் பலவும் இந்த ஏழை ஆட்டத்திலேதான் பிறந்தன.

அவற்றுள் நமக்கு அண்மையானது கல்கத்தாவிலே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு கழகங்களுக்கிடையே உள்ளது. 1889 இலே தொடங்கிய மோகன் பகான் 1911 இலே, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யோர்க்சயர் படைப்பிரிவை 2 இற்கு 1 என வென்று கேடயம் பெற்றது. 1920 இலே கிழக்கு வங்கத்தார் தமக்கென மற்றக் கழகத்தை அமைத்தனர். 1947 இலே நாடு பிரிந்தபோது கிழக்கிலிருந்து உடைமை இழந்து வந்த இலட்சக்கணக்கானோருக்குக் கல்கத்தாவிலே தமது என்று சொல்ல எஞ்சியவற்றுள் அக்கழகமும் ஒன்று. இவ்விருவரும் ஆடுவதை வங்காளிகள் 'பொரோ மேட்ச்' என்பர். பெரிய ஆட்டம் என்பதே அதன் பொருள். ஈஸ்ட் பெங்கால் வென்றாற் சந்தையிலே இல்மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் விலையேறும் என்பது அந்நகரத்து வழக்கு. மீனால் வெற்றியை அளப்போர் நம் கரையோரத்தார்க்கு அந்நியர் ஆவரோ? முஸ்லிம்களின் பேராதரவு பெற்ற மொகமதன் ஸ்போர்ட்டிங் கழகமும் அந்நகரத்திலேதான் உண்டு. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தாச் சங்கப் பட்டத்தை வென்ற பெருமை அதற்குரியது. ஆனால் அவ்வாரவாரத்துக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1980 ஓகஸ்ட் 16 ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கிலே இரு கழகத்தாரும் ஆடியபோது பார்வையாளரிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர்.

கல்லூரிகளின் உதைபந்து என்றால் அமெரிக்காவையும் சொல்லாமல் விடலாகாது. அவர்கள் உதைபந்து என்று அழைப்பது பெரிதும் கையாலே தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பதைப் பொறுத்துக்கொள்வோம். அங்கே ஹார்வர்ட், யேல் என்னும் பல்கலைக்கழகங்கள் 1875 முதல் ஆடுவதற்கு 'அந்த ஆட்டம்' என்பதே பெயர். வேறு ஆட்டம் உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத பெயர் அது. அலபாமா மாநிலத்து இரு பல்கலைக்கழகங்கள் இரும்புத் தொழிலாற் பெயர்பெற்ற பர்மிங்ஹாம் நகரிலே நெடுங்காலம் ஆடியதனால் அவற்றின் போட்டிக்கு இரும்பின் பெயர் வந்தது. மிக்சிகன் அணியினர் 1903 இலே மினசோட்டாவில் ஆடிவிட்டுத் தண்ணீர்ச் சாடி ஒன்றை மறந்து விட்டுச் சென்றனர். வேண்டுமாயின் வென்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றனர் மினசோட்டாவார். 1909 இலே வென்று எடுத்தனர். அன்று முதல் அந்தச் சாடிதான் கிண்ணம். அதுவே ஆட்டத்தின் பெயரும்.

ஒறிகன் மாநிலத்து இரு பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டத்தை நெடுநாளாக 'உள்நாட்டுப் போர்' என்று அழைத்து வந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரோ அடிமை முறையை ஒட்டி மூண்டு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. விளையாட்டுக்கு அப்பெயர் பொருந்தாது என்று 2020 இலே இரு பல்கலைக்கழகங்களும் கூடி அதனைக் கைவிட்டன. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் முடிந்த போரின் பெயரே உறுத்துமாயின், 2009 இலே முடிந்த போரின் சொற்கள் நம்மை உறுத்துவதிலே வியப்பில்லை.

பெயரோடு கூடிய போட்டி மேல்நாட்டாரே தந்தது என்று எண்ணும் இளைஞர்க்கு நம் கிழக்குக் கரையின் பழைய விளையாட்டு ஒன்றை நினைவூட்ட வேண்டும். கொம்புமுறி என்பது அதன் பெயர். மட்டக்களப்புப் பிரதேசத் தமிழ்க் கிராமங்களிலே, கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி, மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் இது நடைபெற்றது. ஊர் முழுவதும் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றிலொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரைப் பாட்டாலே நையாண்டி செய்வர். சிங்கள மக்களும் இதனை அங்கெளிய என்ற பெயரால் ஆடினர். கணவனும் மனைவியும் இரு கட்சியாக நிற்கும் இவ்விளையாட்டும் ஒருவகையில் ஊடல்தான் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இங்கிலாந்திலே டார்பிசயரிலுள்ள அஷ்போர்ண் என்னும் சிற்றூரிலும் இதுபோன்ற காட்சியைக் காணலாம். அங்கே தவக்காலத் தொடக்கத்தில் இரண்டு நாள் ஊரே பந்தாடும். ஊரின் நடுவே ஓடும் ஓடைக்கு வடக்கே பிறந்தோர் மேலோர், தெற்கே பிறந்தோர் கீழோர். இலக்குகள் இரண்டும் மூன்று மைல் இடைவெளியில் உள்ளன. ஓடை ஒன்று, அதன் இரு கரை, இரு பெயர். வடசேரி தென்சேரியைப் போலவே, எந்தக் கரையிற் பிறந்தோம் என்பதே கட்சி. கொம்புமுறியோ இன்று அருகிவிட்டது. ஆராய்ச்சியாளர் எழுதிய பக்கங்களிலும் எப்போதாவது நடக்கும் காட்சிகளிலுமே அதனைக் காண்கின்றோம்.

நம் கரையோரத்து அமைப்பை நேயர்கள் அறிவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஒரே தெருவின் இருமருங்கும் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாலையிற் கோத்த இருநிறப் பூப்போல அடுத்தடுத்து அமைந்தவை. ஓரூரின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை அயலூரான் கண்டுபிடித்தல் அரிது. கிழக்கே நெய்தல், மேற்கே வயல் விரிந்த மருதம். கல்முனை ஸாஹிறாக் கல்லூரி 1949 இலே தோன்றியது. உவெஸ்லி உயர்தர பாடசாலையும் கார்மேல் பற்றிமாக் கல்லூரியும் அதே நகரில் உள்ளன. முஸ்லிம், மெதடிஸ்தர், கத்தோலிக்கர் என மூவகையார் தொடக்கிய கல்லூரிகள் சிறிது தூரத்துக்குள் அமைந்திருப்பது, நூறாண்டுக்கு முன் காலி நகரிலே ரிச்மண்டும் மகிந்தவும் அமைந்திருந்த நிலையை நினைவூட்டுகின்றது. இந்நகரத்துப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு நாடறிந்த பெயர் ஒன்று நிலைக்குமாயின் மகிழாதார் யார்?

ஆயினும் அப்பெயர் எதுவாதல் வேண்டும் என்பதிலே எனக்கு ஓர் அச்சம் உண்டு. கொழும்பிலே நீலமும் நீலமும் போர் செய்தால் அது சிரிப்புக்குரிய மிகையுரை. ஒரு பக்கத்துப் பார்வையாளர் பெரும்பாலும் ஓர் இனத்தவரும் மறுபக்கத்துப் பார்வையாளர் பெரும்பாலும் மற்றோர் இனத்தவருமாக அமையும் நகரிலே அதே சொல் சிரிப்பாக இராது. 1990 இலே இக்கரையோரம் கண்டவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அவற்றை நினைத்திருப்போர் இன்னும் இருக்கின்றனர். அத்தகைய இடத்திலே, மைதான வாயிலிலே தொங்கவிடும் துணியில் 'போர்' என்று பெரிய எழுத்தில் எழுதும் இளைஞன் குற்றமற்றவன். அவன் கொழும்பைப் பார்த்து எழுதுகின்றான். வாசிக்கும் முதியவர் வேறொன்றை நினைப்பார் என்பது அவனுக்குத் தெரியாது.

பெயரைத் தடுத்துவிடுவது இதற்கு மருந்தன்று. முன்னரே கூறியதுபோலப் பெயர் கூட்டத்தின் வாயிற் பிறப்பது. தடுத்தால் இன்னும் கூர்மையான பெயரொன்று பிறக்கும். நல்ல பெயரொன்றை முந்திக்கொண்டு உலவவிடுவதே செய்யத்தக்கது. ஊடல் என்ற சொல் நம்மிடம் இருக்கின்றது. அதற்குரிய மருத நிலமோ நகரின் பின்புறத்திலேயே நெல் விளைத்துக்கொண்டிருக்கின்றது. 'கல்முனை ஊடல்' என்று ஓர் ஆட்டத்துக்குப் பெயரிட்டால் முதலாண்டிலே பிள்ளைகள் நகைப்பர். காலியிலும் முதலில் நகைத்திருப்பர். வாய்க்குப் பழகிய பின்னர் அதுவே மதிப்புடைய பெயராகிவிடும். ஊடல் வேண்டாமெனின் கடலாலோ, நெல்லாலோ, மருதமுனைத் தறியின் துணியாலோ பெயர் தேடலாம். அமெரிக்கர் தண்ணீர்ச் சாடிக்கே நூறாண்டு அழியாப் புகழ் தேடிக் கொடுத்திருக்கும்போது நாம் பொருளுக்குப் பஞ்சப்படவேண்டியதில்லை.

பெயர் நிலைப்பதற்கு வேண்டிய பிற ஏற்பாடுகளும் பெரும் செலவுடையன அல்ல. எதிரணி ஆண்டுதோறும் ஒன்றேயாக இருத்தல் வேண்டும். நாளும் ஏறக்குறைய ஒன்றேயாக இருத்தல் வேண்டும். நோன்பு மாதம் சூரியக் கணக்கிலே ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னோக்கி வருவதையும், கோயில் திருவிழாக் காலத்தையும், வடகீழ்ப் பருவமழையையும் பார்த்து நாளைக் குறிக்கலாம். ஒரு கேடயம் வேண்டும். 1945 முதல் றோயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் ஆடும் றகர் போட்டிக்குப் பிராட்பி என்னும் அதிபர் அளித்த கேடயமே பெயராகிவிட்டது. அப்போட்டியிலே கொழும்பில் ஓர் ஆட்டமும் கண்டியில் ஓர் ஆட்டமும் நடக்கும். இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றியைத் துணிவர். இரு ஊராரும் மற்றவரூருக்கு விருந்தினராகச் செல்ல நேரும் இம்முறை நம் கரையோரத்துக்குப் பெரிதும் ஏற்றது. தெரு ஒன்றேயாதலின் பயணச் செலவும் இல்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது பதிவேடு. எத்தனையாவது ஆட்டம் என்று எண்ணிச் சொல்ல இயலாத ஆட்டத்துக்குப் பெயர் ஒட்டாது. அடித்தவர் யார், எந்த நிமிடத்தில், தடுத்தவர் யார், மத்தியஸ்தர் யார் என்று எழுதிவைக்க வேண்டும். கரையோரத்தில் வைத்த ஏட்டைக் கடல் கொண்டுபோகும் என்பதை 2004 இலே கண்டோம். ஆகையால் இரு பள்ளியிலும் ஒவ்வொரு பிரதி இருத்தல் நன்று. அவ்வேட்டை எழுதும் பொறுப்பை எவரிடம் விடுவது என்று முதலாண்டிலே வாக்குவாதம் எழக்கூடும். காலியிலே அந்த வேலையை இரு அதிபர்களும் தாமே எடுத்துக்கொண்டு, ஒரே மேசையில் அமர்ந்து எழுதினர்.